காலை ஐந்தரைக்கு முடிந்த சான்றிதழ்

வெப்சைட்டுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் போடுகிற வேலையில், ஒழுங்காகச் செய்தால் நம்மை ஒருத்தரும் நினைக்க மாட்டார்கள். ஒரு நாள் தவறினால் காபி குடிப்பதற்கு முன்னாலேயே நினைப்பார்கள். இதே தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் பத்தாவது வரைதான் படித்தவள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்தேன். மகள் கோவையில் இருக்கிறாள். மகன் இங்கேயே ஷிப்டுக்குப் போகிறான். வீடு காலியாகத் தெரிய ஆரம்பித்தபோது, சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு வெப்சைட் நடத்திக்கொடுக்கும் ஓர் ஆபீசில் போன் எடுக்கச் சேர்ந்தேன். தண்ணிக் குழாயடியில் கற்ற தெலுங்கும் கன்னடமும்தான் எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தன. ஆபீஸை நடத்துகிற ரம்யா பர்கூரில் இன்ஜினியரிங் படித்த பெண். என் மகள் வயதுதான். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

போன் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு அவள்தான் சான்றிதழ் வேலையையும் சொல்லிக்கொடுத்தாள். இந்த வெப்சைட் இன்னாருடையதுதான், நீங்கள் இதில் அனுப்புவதை வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது என்று உறுதி சொல்கிற ஒரு சின்ன ஃபைல் அது. அதற்கும் ஆயுள் உண்டு. முடிவதற்குள் புதிதாக வாங்கி எங்கள் சர்வரில் வைக்க வேண்டும். நிறைய சைட்டுகளுக்கு அது தானாகவே நடந்துவிடும். காசு கொடுத்து வாங்குகிற சிலவற்றை மட்டும் கையால் வைக்க வேண்டும். அந்தச் சிலதுதான் என் பாடு.

நல்லவர்கள் பேச்சு

உத்தனப்பள்ளியில் ரோஜா வளர்த்து, கல்யாணங்களுக்குப் பூ அனுப்புகிற மஞ்சுளாவின் வெப்சைட் எங்களிடம் இருக்கிறது. சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால் சைட்டின் சொந்தக்காரருக்கு ஒரு மெயில் வரும். அதைத் திறந்து 'சம்மதம்' என்ற இடத்தில் அமுக்கினால் போதும். மஞ்சுளா அமுக்க மாட்டேன் என்றுவிட்டாள். யார் என்ன அனுப்பினாலும் தொடக்கூடாது என்று சென்னையில் இருக்கிற அவள் தம்பி சொல்லியிருக்கிறானாம். பிள்ளை சொன்னதில் தப்பில்லை. உங்களுக்கும் இப்படி நாலு பேர் இருப்பார்கள்.

மூன்று நாள் போனில் பேசிப் பார்த்தேன். என் மகன் பெயர், நான் வெள்ளிக்கிழமை போகிற கோயில், எங்கள் தெருவில் இருக்கிற மாவு மில் எல்லாம் சொன்னேன். நாலாவது நாள் ராயக்கோட்டை பஸ் ஏறிப் போய், பூக்கட்டுகளுக்கு நடுவில் அவள் எதிரிலேயே உட்கார்ந்தேன். மோர் கொடுத்தாள். மெயிலைத் திறந்து அமுக்கினாள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கையில் ஒரு கட்டு ரோஜாவைத் திணித்துவிட்டுச் சொன்னாள்: "தப்பா நினைக்காதீங்கக்கா. போன்ல நீங்க ரொம்ப நல்லவங்களாப் பேசுனீங்க. அதான் பயமாயிடுச்சு."

பூட்டைக் காணோம்

முன்பெல்லாம் சான்றிதழ் சரியாக இருந்தால் வெப்சைட் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டுப் படம் தெரியும். வாடிக்கையாளர்களிடம் நாங்களே, "பூட்டு இருக்கா பாருங்க, இருந்தா பத்திரம்" என்று பாடம் சொல்லிவைத்திருந்தோம். ஒரு நாள் பிரவுசர் கம்பெனிக்காரர்கள் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டு, ரெண்டு கோடும் ரெண்டு உருண்டையும் வைத்துவிட்டார்கள். யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. பூட்டு எங்கே என்று மட்டும் எல்லோரும் கேட்டார்கள்.

பர்கூரில் கிரானைட் அறுக்கிற ஒரு பெரியவர் அதிகமாகவே பதறிப்போனார். இப்போது எல்லா சைட்டும் பத்திரமாகவே இருப்பதால் பூட்டுப் படம் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள் என்று, ரம்யா சொல்லிக்கொடுத்தபடி பொறுமையாக விளக்கினேன். கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "எனக்கு அறுபத்தஞ்சு வயசாச்சும்மா. பூட்டை எடுத்துட்டு, வீடு பத்திரம்னு சொல்ற முதல் ஆளு நீங்கதான்."

திருடன் இருக்கிற வீடு

இனி முனிராஜு. தொரப்பள்ளிப் பக்கம் ஷெட் போட்டு, கம்பெனிகளுக்கு உதிரிபாகம் வார்க்கிற இரும்பு அச்சு செய்துகொடுக்கிறவர். ஆறு பேர் அவரிடம் வேலை பார்க்கிறார்கள். ஒரு மாதமாக லேத் பாதி நாள் சும்மா நின்றது. ஆறு பேரில் ரெண்டு பேரை நிறுத்த வேண்டி வருமோ என்று என்னிடமே சொல்லி வருத்தப்பட்டார். அந்த நேரத்தில்தான் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்று, புதன்கிழமை காலை பத்து மணிக்குள் அவருடைய வெப்சைட் வழியாக வரைபடங்களை அனுப்புவதாகச் சொன்னது. அனுப்ப முடியவில்லை என்றால் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள்.

அவருடைய சான்றிதழ் முடிவதும் அதே புதன். புதியது செவ்வாய் மதியமே வந்துவிட்டது. அதை வைக்க நான் உட்கார்ந்தபோது மணி மூன்று. செவ்வாயில் மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். ஆறு வீட்டு அடுப்பு எரிய வேண்டிய காரியம், அந்த நேரத்தில் தொட மனசு வரவில்லை. நாலரைக்குத் தொடப் போனேன், கரண்ட் போனது. ஆறு மணி தாண்டியும் வரவில்லை. வீட்டில் விளக்கேற்ற வேண்டும். கடைசித் தேதி நாளைக்குத்தானே, காலையில் முதல் வேலையாக வைத்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன்.

தேதியை நோட்டில் எழுதியிருந்தேன். தேதிக்குப் பக்கத்தில் இருந்த நேரத்தை எழுதவில்லை. அந்தச் சான்றிதழ் லண்டன் கணக்கில் செவ்வாய் நடு ராத்திரியோடு முடிகிறது. நமக்கு அது புதன் விடிகாலை ஐந்தரை. புதன்கிழமை ஏழு மணிக்கு, சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. முனிராஜு கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "அக்கா, என் சைட்டைத் தொறந்தா, உள்ள போகாதே, திருடன் இருக்கான்ங்கிற மாதிரி எழுதிக்கிட்டு நிக்குது. பத்து மணிக்குள்ள அவங்களும் இதைத்தானே பார்ப்பாங்க?"

முதல் வரி

ரம்யா ஒரு விசேஷத்துக்காகக் கிருஷ்ணகிரி போயிருந்தாள். போன் எடுக்கவில்லை. எட்டு மணிக்கு ஆபீஸைத் திறந்தேன். புதனில் அது எமகண்டம். காலண்டர் பக்கம் திரும்பவே இல்லை. அதுவரை ரம்யா பக்கத்தில் இல்லாமல் நான் சான்றிதழ் வைத்ததில்லை. அவள் சொன்னதை எழுதிவைத்திருந்த நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துச் செய்தேன். எந்தச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று சர்வருக்குச் சொல்கிற ஃபைலைத் திறந்து, புதியதின் பெயரை எழுதினேன். சர்வரை நிறுத்தி மறுபடியும் ஓடவிட்டேன். நின்றது. ஓடவில்லை.

முனிராஜுவின் சைட் மட்டுமில்லை, அந்த சர்வரில் இருந்த எல்லா சைட்டும் போய்விட்டன. மஞ்சுளா கூப்பிட்டாள். கிரானைட் பெரியவர் கூப்பிட்டார். இருக்கிற சாமியையெல்லாம் நானும் கூப்பிட்டேன். எட்டே முக்காலுக்கு ரம்யா பஸ்ஸிலிருந்து பேசினாள்.

"பதறாதீங்கம்மா. எந்த வரியில தப்புன்னு அதுவே சொல்லியிருக்கும் பாருங்க."

"முதல் வரின்னு சொல்லுது கண்ணு."

"முதல் வரியில என்ன இருக்கு?"

பார்த்தேன். பிள்ளையார் சுழி இருந்தது. மளிகைச் சீட்டு எழுதினாலும் 'உ' போட்டுத்தான் எழுதுவேன். முனிராஜுவின் காரியம் நல்லபடியாக முடிய வேண்டும் என்ற நினைப்பில், ஃபைலின் தலையிலும் கை அதைத் தானாக அடித்திருக்கிறது. சர்வருக்கு அது என்ன கட்டளை என்று புரியாமல் அப்படியே நின்றுவிட்டது. சொன்னேன். "அழிச்சிடறேன் கண்ணு" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழிக்க வேண்டாம்மா" என்றாள் ரம்யா. "அதுக்கு முன்னாடி ஒரு ஹேஷ் குறி போடுங்க, போன்ல பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்குமே, அது. அது போட்ட வரியை மெஷின் படிக்காது. படிக்க வேண்டியவர் படிச்சுக்குவார்."

தொரப்பள்ளியில் சாயங்காலம்

ஒன்பது மணிக்கு எல்லா சைட்டும் எழுந்துவிட்டன. ஒன்பது நாற்பதுக்கு முனிராஜுவுக்கு நாலு வரைபடங்கள் வந்தன. பிறகு அதில் ரெண்டுக்கு ஆர்டரும் கிடைத்தது. யாரையும் நிறுத்தவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம், ஆர்டர் கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. எனக்கு மனசு ஆறவில்லை. நேராகத் தொரப்பள்ளிக்குப் போனேன். வரைபடங்களை லேத் பக்கத்து மேஜையில் விரித்து, ஆறு பேரும் தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முனிராஜுவை வெளியே கூப்பிட்டு, சர்வர் கோளாறு இல்லை, என் கோளாறுதான் என்று சொன்னேன். சான்றிதழ் செவ்வாய்க்கிழமையே கையில் இருந்தது, ராகு காலம் என்று தள்ளி வைத்தேன், நேரத்தையும் சரியாகப் பார்க்கவில்லை என்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

முனிராஜு கையில் இருந்த ஆயிலைத் துணியில் நன்றாகத் துடைத்தார். உள்ளே குரல் கொடுத்து எனக்கு ஒரு நாற்காலி கேட்டார். பிறகு சொன்னார்: "அக்கா, நேத்து மூணு மணிக்கு நீங்க எனக்குப் போன் பண்ணிக் கேட்டிருந்தா, நாலரைக்கு மேல வைங்கன்னு நானே சொல்லியிருப்பேன்."

எங்கள் தொழிலில் கடவுளை நம்பலாம், வாடிக்கையாளரையும் நம்பலாம், கடைசித் தேதியை மட்டும் நம்பக்கூடாது.