இறக்கி மாட்டிய கண்ணாடி

என் கையெழுத்து கோழி கிளறிய மண் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். நடந்ததைப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொல்லும்படி மகளின் டீச்சர் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்குப் பகல் ஷிப்ட். மனைவிக்குக் கிருஷ்ணன்கோவிலில் மாணவர் விடுதிச் சமையல் வேலை. விடியும் முன்பே பஸ் ஏறிவிடுவாள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளைக் காலையில் கிளப்புவது என் பொறுப்பு.

எனக்கு வாயால் சொல்லித்தர வராது. செய்துகாட்டத்தான் தெரியும். சுவரில் இருந்த கண்ணாடியை அவள் உயரத்துக்கு இறக்கி மாட்டி, நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். நான் பல் தேய்த்தால் அவளும் தேய்ப்பாள். நான் நாக்கு வழித்தால் அவளும் வழிப்பாள், நான் போடும் சத்தம் உட்பட. முகம் கழுவி, தலை சீவி, பவுடர் பூசுவோம். சில மாதங்களில் அவளே எல்லாம் செய்யத் தொடங்கினாள்.

"அப்பனும் மகளுமா பொண்ணு பாக்கக் கெளம்பிட்டீகளாக்கும்?" என்று லீவு நாளில் மனைவி கேலி செய்வாள்.

அப்போதுதான் டீச்சர் என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தினார்கள். "பின்னால நின்னு கூப்பிட்டா பிள்ளை திரும்பவே மாட்டேங்குறா. காதை ஒருதரம் டாக்டர்ட்ட காட்டிருங்க."

அன்று மாலை மனைவி அடுப்படியிலிருந்து, "ஏட்டி, இங்க வா" என்று உரக்கக் கூப்பிட்டாள். படம் வரைந்துகொண்டிருந்த மகள் அசையவில்லை. பக்கத்தில் வந்து கூப்பிட்டாள். அப்போதும் இல்லை. எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டாள். நான் திடுக்கிட்டேன். மகள் மட்டும் மெதுவாகத் திரும்பி, "என்னம்மா?" என்றாள்.

மனைவி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "எந்தம்பிக்கும் இந்த வயசுலதாங்க காது போச்சு" என்றாள். அவள் தம்பி பள்ளிக்கூடமே போகாமல் வளர்ந்தவர்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் மனைவி மகளின் தலைக்குப் பின்னால் வாயை வைத்துப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். மகள் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

காது டாக்டர் ஒரு அம்மா. விளக்கடித்துப் பார்த்தவர்கள் இடுக்கியைக் கையில் எடுத்தார்கள். "உள்ள என்னமோ ஆழமா அடைச்சிருக்கு. எடுக்கையில அசைஞ்சா சவ்வு கிழிஞ்சிரும். பிடிச்சுக்கோங்க."

இடுக்கியைக் கண்டதும் மகள் அலறித் திமிறினாள். நான் பிடித்தேன், மனைவி பிடித்தாள், நர்ஸ் பிடித்தார். பிடிக்கப் பிடிக்கத் திமிறல் கூடியது. டாக்டர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவளை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கைகளை முழங்கால்மேல் வைத்தேன். "எனக்கு மொதல்ல பாருங்கம்மா" என்றேன். டாக்டர் என் காதில் விளக்கடித்து, இடுக்கியால் எதையோ எடுத்தார்கள். நான் அசையவில்லை. மகள் அழுகையை நிறுத்திப் பார்த்தாள். பிறகு என் மடியில் ஏறி, தலையைச் சாய்த்து, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். அவள் மூச்சுகூட விடவில்லை. நானும்தான்.

வந்தது பஞ்சு. அழுக்கேறி, ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிய பஞ்சு. இரண்டு காதிலும்.

"ஏம்மா, காதுக்குள்ள நூல் மில்லு வெச்சு நடத்துறியா?" என்றார்கள் டாக்டர்.

"பவுடர் பூசுன பொறவு அப்பா வைக்காகள்ல" என்றாள் மகள். "வெளிய போகணும்னா வைக்கணும்."

மில்லில் இரைச்சலுக்குப் போட ரப்பர் அடைப்பான் கொடுத்திருக்கிறார்கள். அரிக்கிறது என்று எங்கள் பிரிவில் யாரும் போடுவதில்லை. கழிவுப் பஞ்சைத்தான் காதில் திணிப்போம். மில்லில் கை எண்ணெயாகிவிடும் என்று நான் வீட்டிலேயே, கண்ணாடி முன்னால் திணித்துக்கொள்வேன். பஞ்சு கண்ணாடிக்குக் கீழே ஒரு டப்பா மூடியில் இருந்தது. அவள் கைக்கு எட்டும் உயரம்.

டாக்டர் எங்களுக்குப் பின்னால் போய் நின்றார்கள். சட்டென்று மகள் திரும்பி, "பூரி!" என்று கத்தினாள். மனைவி சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"டாக்டரம்மா என்ன கேட்டாங்க?" என்றேன்.

சிரிப்பு நின்றது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்லை" என்று டாக்டர் என் முகத்துக்கு நேரே வந்து, உரக்கச் சொன்னார்கள். "இட்லியா, பூரியான்னு கேட்டேன். நீங்க உக்காருங்க. உங்களைத்தான் பாக்கணும்."

மில் இரைச்சல் தின்றது திரும்பி வராதாம். மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னார்கள்.

இப்போது கண்ணாடிக்குக் கீழே பஞ்சு இல்லை. ரப்பர் அடைப்பான் என் சாப்பாட்டுப் பையில் இருக்கிறது. மில் வாசலில்தான் போடுகிறேன். அரிக்கத்தான் செய்கிறது. காலையில் பவுடர் பூசியதும் நான் மகளின் காதுகளைப் பார்க்கிறேன். அவள் என் காதைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறாள். அதன் பிறகு பையைத் திறந்து, அடைப்பான் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறாள்.

ஆவணி ஒன்பது, என் வார விடுமுறை நாள்.