பொகையில கண்ணு தெரியலீங்க

கேரளம் தனி மாநிலமான புதிது. நான் முதலமடைப் பக்கத்து ஸ்டேஷனில் ஏட்டு. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதற்காகவே இரண்டு முறை ஊர் மாற்றினார்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அந்தக் கோபம்தான் ஒரு மனுஷனைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன்.

கோபாலபுரம் ரோட்டில், பட்டப்பகலில், மாங்காய் ஏற்றிப்போன லாரி ஒன்று எரிந்துபோனது. கூடைகளுக்கு இடையில் அடைத்திருந்த வைக்கோலில் தீப் பிடித்துக்கொண்டால் கேட்க வேண்டுமா! டிரைவர் குதித்துத் தப்பிவிட்டான். வண்டி முதலாளி ஓடி வந்து, "சுருட்டுப் புடிச்சிருப்பானுங்க, வேறென்ன!" என்று ஒரே போடாகப் போட்டார்.

எங்கள் சப் இன்ஸ்பெக்டர் தெற்கிலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்த மலையாளத்துக்காரர். நல்ல மனிதர். தனக்குத் தமிழ் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார், அதுதான் வினை. டிரைவரின் வாக்குமூலத்தை அவரே கேட்டு மலையாளத்தில் எழுதினார். தப்பு அவன்மேல் என்று கேஸ் போட்டால் லைசென்ஸ் போகும், ஜெயிலும் உண்டு. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம் காகிதத்தை நீட்டினார். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "ஓட்டும்போது புகையிலை பிடித்தேன். அதனால் கண் தெரியவில்லை..."

டிரைவர் துள்ளி எழுந்தான். "ஏனுங்க ஏட்டய்யா, நா எங்கீங்க பொகையில புடிச்சேன்? எங்கூட்டுல ஒருத்தரும் அதத் தொட மாட்டோமுங்க!"

"பின்னே என்னப்பா சொன்னே?"

"பொகையில கண்ணு தெரியலைன்னேனுங்க. காலடியில இருந்து குபுகுபுன்னு பொகை வந்துச்சு. அந்தப் பொகையில ரோடே தெரியலீங்க. அதுக்கப்புறந்தானுங்க தீ!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. புகைக்குள்ளே கண் தெரியவில்லை என்று இவன் சொன்னது, அவர் காதில் புகையிலை என்று விழுந்திருக்கிறது. மலையாளத்தில் 'புகையில' என்றால் புகையிலைதான். முதலாளி சொன்ன சுருட்டு வேறு அவர் மனசில் இருந்திருக்கும்.

"ஒத்தைச் சொல்லுக்காக இவனை உள்ளே தள்ளப் போறீங்களா சார்?" என்று கத்தியேவிட்டேன்.

அவர் முகம் சிவந்தது. "எந்நால் தீ எவிடெநிந்நு வந்நு? காணிச்சு தா!" என்றார். அப்படியானால் தீ எங்கிருந்து வந்தது, காட்டு என்கிறார். காட்டாமல் விடுவேனா?

காலடியில் இருந்து புகை வந்தது என்றானே, அங்கேயே தேடினேன். உச்சி வெயிலில் எரிந்த லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சாம்பலைத் தட்டித் தட்டி, பேட்டரியிலிருந்து போகும் வயரைத் தடவிக்கொண்டே போனேன். மற்ற இடமெல்லாம் வெறுமே கருத்திருந்த செம்பு, இரும்புச் சட்டத்தின் துளைக்குள் நுழையும் இடத்தில் மட்டும் உருகி, உருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வைக்கோல் தீயில் செம்பு கருகும், இப்படி ஒரே இடத்தில் உருகாது.

"கெடச்சிருச்சு!" என்று அடியில் இருந்தே கூவினேன்.

சப் இன்ஸ்பெக்டர் வந்தார். காக்கி அழுக்காகுமே என்று பார்க்காமல் என் பக்கத்தில் படுத்து, விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பாலக்காட்டிலிருந்து வந்த மோட்டார் வண்டிப் பரிசோதகரும் அதையே எழுதிக் கொடுத்தார். வயர் உராய்ந்து தேய்ந்து இரும்பில் பட்டிருக்கிறது, தீப்பொறி அங்கேதான். வண்டியின் பழைய வயர்களை மாற்றச் சொல்லி டிரைவர் முதலாளியிடம் எத்தனையோ முறை கெஞ்சியிருந்தானாம்.

சப் இன்ஸ்பெக்டர் தான் எழுதியதை டிரைவரின் கண் முன்னால் குறுக்கே கோடிழுத்து அடித்தார். புதிதாக எழுதச் சொல்லிப் பேனாவை என்னிடம் தந்தார். வாங்கி வைத்திருந்த லைசென்ஸைத் தன் கையாலேயே அவனிடம் திருப்பிக் கொடுத்தார். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

அடுத்த மாதம் ஸ்டேஷன் வாசலில் காது கிழியும்படி ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால் வேறொரு லாரி, ஸ்டியரிங்கில் அதே டிரைவர், வாயெல்லாம் பல். போலீஸ் ஸ்டேஷன் முன்னால் அப்படி அடித்தால் கேஸே போடலாம். சப் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவரும் எழுந்து வாசலுக்குப் போய், அந்த மாங்காய் லாரிக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தோம்.