காற்றில் வார்த்த தோசை

1997-ல் நாங்கள் நியூஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சரில் குடியிருந்தோம். மூன்றரை வயது மகளை டேகேரில் சேர்த்திருந்தோம். வீட்டில் வாயாடி, அங்கே போனால் வாயே திறக்க மாட்டாள். இரண்டு மொழியில் குழந்தை குழம்புகிறாள், வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று டீச்சர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். படித்தவர்கள் அல்லவா, அப்படியே கடைப்பிடித்தோம். ஈரோட்டுக்காரரான என் கணவரும் திருநெல்வேலிக்காரியான நானும் சாப்பிடும்போது ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தால், ஏதோ இன்டர்வியூ நடக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். மகள் வீட்டிலும் பேச்சை நிறுத்திவிட்டாள். எது வேண்டுமானாலும் கையைக் காட்டுவாள். காதில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு எனக்கு இன்னும் பயம் கூடியது.

அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை ஊர் நூலகத்தில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சி. வந்தவர் வயதான பிரெஞ்சுக்காரர். பாடகராகத் தொடங்கி, பேசாமலே நடிக்கும் மைம் கலைஞராகி, பிறகு சினிமாவிலும் நடித்தவர் என்று அறிமுகம் செய்தார்கள். பேச்சே இல்லாத நிகழ்ச்சி, மகளுக்குச் சங்கடம் இருக்காது என்றுதான் அழைத்துப் போனேன்.

அவர் வெறுங்கையால் அடுப்பைப் பற்றவைத்தார். மாவை மொண்டு ஊற்றி, வட்டமாகத் தேய்த்து, ஓரத்தைக் கிளப்பித் திருப்பிப் போட்டார். பிள்ளைகள் பான்கேக் என்று கத்தினார்கள். என் மடியில் இருந்தவள் எழுந்து நின்றாள்.

"இல்ல, தோசை. அம்மா, அவர் எண்ணெயே ஊத்தல."

எத்தனை வாரம் கழித்துக் கேட்ட குரல்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சொன்னதை அவருக்கு விளக்கினேன். உடனே அவளை முன்னால் அழைத்து, இல்லாத கரண்டியை மரியாதையாக நீட்டினார். அவள் தோசையைச் சுற்றி எண்ணெய் விட்டு, தமிழிலேயே அதட்டி அவரை வேலை வாங்கினாள். அவரும் அடங்கி ஒடுங்கிச் செய்தார்.

நிகழ்ச்சி முடிந்து அவருக்கு நன்றி சொல்லப் போன நான், வீட்டுக் கதையையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பிரான்ஸின் மேற்குக் கரையில், வேறு மொழி பேசும் வீட்டில் பிறந்தவராம். பள்ளியில் அந்த மொழிக்காக அடி வாங்கி, வாயை மூடிக்கொண்டு கையால் பேசப் பழகினாராம். பெரியவரான பிறகு அம்மாவின் பாட்டுகளைத் தேடிப் போய்க் கற்றுத்தான் பாடகரானாராம்.

"அம்மாவின் மொழியில் எனக்குப் பாட வரும். பேச வராது" என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் மகளைத் தூக்கிக்கொண்டார்.

"வா கண்ணு, அப்பனுக்கு ஒரு தோசை ஊத்திக் குடு."

அந்த ஈரோட்டுத் தமிழைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அன்று முதல் வீட்டில் தமிழ்தான். டேகேர் ஆங்கிலம் அடுத்த பொங்கலுக்குள் தானாகவே வந்துவிட்டது.

அந்தப் பிரெஞ்சுக்காரரின் பாட்டை நான் கேட்டதில்லை, படத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் என் மகள் போனில் தமிழிலேயே என்னோடு சண்டை போடும் ஒவ்வொரு முறையும், அவர் அன்று காற்றில் வார்த்த அந்த எண்ணெய் இல்லாத தோசைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.