தங்கச்சி குடித்த காளான் பொடி

என் தங்கச்சிக்குச் சலவைக்கூடத்தில் 'எக்ஸ்பிரஸ்' என்று பேர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவள் பிழைப்பு. உயிரெல்லாம் மாரத்தான் ஓடுவதில்தான். நான் எதிரே நின்று விரிப்பு மடிக்கிறவள்.

இந்த வருஷம் அவள் மாநில அணியில் இடம் பிடித்தாக வேண்டும். அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். சின்ன வயதிலிருந்து கடவுளிடம் அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான். ஆனால் உடம்பு முன்பு மாதிரி இல்லை. நீள ஓட்டம் ஓடி வந்தால், மறுநாள் சுவரைப் பிடித்துத்தான் படியிறங்குவாள்.

கூட ஓடுகிற ஒருத்தி சொன்னாளென்று காளான் பொடி டப்பா வாங்கி வந்தாள். மருந்துக் காளானாம். மூச்சு தாங்குமாம், அசதி சீக்கிரம் போகுமாம். வெந்நீரில் கலக்கினால் நனைந்த மரக்கட்டை வாசனை.

"இதைக் குடிச்சிட்டு ஓடுறதுக்கு, இதைப் பார்த்தே ஓடிடலாம்டி," என்றேன்.

"சிரிக்காதக்கா. கால் வலியே தெரியல."

அங்கேதான் பிசகியது. நீள ஓட்டத்துக்கு மறுநாள் ஓடவே கூடாது என்பது கோச் போட்ட சட்டம். அசதியைத்தான் பொடி பார்த்துக்கொள்கிறதே என்று இவள் அந்த நாளிலும் ஓடினாள். கோச்சிடம் மூச்சு விடவில்லை.

கொஞ்ச நாளில் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் ஒற்றைக்காலில் நிற்க ஆரம்பித்தாள்.

"என்னடி, கொக்கு மாதிரி?"

"சும்மாக்கா."

சும்மா இல்லை. இஸ்திரிச் சூடு ஏறிய துண்டை முழங்காலுக்குக் கீழே அழுத்திப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினேன்.

"போனா ஓடாதன்னு சொல்லிடுவார். ஓடாம நான் எதுக்கு இருக்கேன், சொல்லு?"

ஆண்டவனே, அந்தக் காலை நீயே தாங்கிக்கொள் என்று வேண்டிக்கொண்டேன்.

தேர்வு ஓட்டத்தன்று பாலத்தடியில் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். முன்னால்தான் வந்தாள், ஆனால் நொண்டிக்கொண்டு. என் கண்ணெதிரே கால் மடங்கி விழுந்தாள். எலும்பு முறிந்திருந்தது.

நான் கொண்டுபோன டப்பாவை டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உதவுமா உதவாதான்னு உறுதியா சொல்ல எனக்குத் தெரியாதும்மா. ஆனா ஓய்வே குடுக்காம ஓடினா எந்த எலும்பும் தாங்காது."

கட்டுப் போட்ட காலை நீட்டி, சுவரைப் பார்த்தே கிடந்தாள். சோறு இறங்கவில்லை. நேற்றுத்தான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, அந்தப் பொடி மிச்சம் இருக்குல்ல? எலும்புக்கும் நல்லதுன்னு டப்பாவுல போட்டிருக்கு. சீக்கிரம் கூடிட்டா, கோச் காலைப் பிடிச்சாவது..."

கோச் வேறொரு பெண்ணை எடுத்தாயிற்று. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் வெந்நீர் வைத்துக் கலக்கினேன்.

டம்ளரை வாங்கி எட்டிப் பார்த்தாள். "இன்னொரு ஸ்பூன் போடுக்கா."

போட்டேன். வேறென்ன செய்ய, ஆண்டவனே.