எட்டு மடிப்புத் துண்டு

ஸ்ரீரங்கத்தில் எங்கள் சித்தப்பாவைப் பெயர் சொல்லித் தேடினால் யாருக்கும் தெரியாது. ‘முன் தண்டு வலது தோள்’ என்று கேட்டால் சித்திரை வீதியே கைகாட்டும். புறப்பாட்டில் பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணும் ஸ்ரீபாதம் தாங்கிகளில் அவர் ஒருவர். பல்லக்குத் தண்டுக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்களின் தோள் ஒரே உயரமாக இருக்க வேண்டும். ஒரு விரற்கடை தாழ்ந்தாலும் பெருமாள் சாய்ந்துவிடுவார். அதனால் உயரம் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்கள். அந்த இடத்தைப் பற்றிச் சித்தப்பாவுக்கு இருந்த கர்வத்தை அந்த ரங்கநாதன்தான் மன்னிக்க வேண்டும்.

அவருக்குக் குழந்தை கிடையாது. புறப்பாட்டுக்கு முன்னால் அவர் தோளில் போட்டுக்கொள்ளும் துண்டை மடித்துக் கொடுப்பது எட்டு வயதான என் வேலை. எல்லோரும் ஒன்றாக இருந்த அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான். யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பங்குனியில் இரண்டு மடிப்பு. ஆடியில் நாலாக மடிக்கச் சொன்னார். ஐப்பசியில் எட்டு ஆயிற்று. ஏன் என்று கேட்டேன். அவர் துண்டைத் தோளில் வைத்து அமுக்கினார். நான் தொங்கி ஊஞ்சலாடிய தோள் அது. இப்போது எலும்பு முட்டிக்கொண்டு நின்றது.

“எலும்பு உறுத்தறதுடி. ஒசரமும் பத்தலை. யார்கிட்டேயும் சொல்லிடாதே. தெரிஞ்சா வேற தோளை வெச்சுடுவா.”

சத்தியம் கேட்டார். அடித்துக் கொடுத்தேன். பெரியவர் ஒருவரின் ரகசியம் என் கையில் இருக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? கால் தடித்திருந்தது, வயிறு முன்னால் வந்திருந்தது. “இப்பதான் சரீரம் தேறியிருக்கு, கண்ணு படப் போறது” என்று சித்தி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். நாலு படி ஏறினால் அவருக்கு மூச்சு இரைக்கும். “நெய் கூடிப் போச்சோன்னோ, அதான்” என்று அப்பா கேலி செய்வார். சித்தப்பாவும் கூடச் சிரிப்பார். பாவி மனுஷன், சிரிக்காமலாவது இருந்திருக்கலாம்.

மார்கழியில் பகல் பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் எட்டு மடிப்பும் போதாமல் இன்னொரு துண்டையும் சேர்த்து மடித்துக் கொடுத்தேன். அன்று பிரகாரத்தில் சித்தப்பாவின் கால் மடங்கிவிட்டது. பக்கத்தில் வந்தவர் பாய்ந்து தோள் கொடுத்ததால் பெருமாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்தரையில் உட்கார்ந்துகொண்டு, “சாஞ்சாரா? பெருமாள் சாஞ்சாரா?” என்றே சித்தப்பா கேட்டுக்கொண்டிருந்ததாக அப்பா சொன்னார்.

ஜட்கா வைத்துக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டித் தென்னூர் டாக்டரிடம் போனோம். சித்தப்பா என் கையை விடாததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். டாக்டர் மார்பில் குழாய் வைத்துக் கேட்டார். காலை விரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது.

“இது சதை இல்லைங்க, நீர். இருதயம் பலகீனமாயிடுச்சு. ரத்தம் சரியா ஓடலைன்னா உடம்பு தன் சதையைத் தானே கரைச்சுக்கும். தோளைப் பாருங்க, தொடையைப் பாருங்க.”

சித்தி அப்போதுதான் பார்த்தாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“எத்தனை மாசமா இளைச்சுக்கிட்டு வர்றார்? முன்னாடியே வந்திருந்தா உப்பை நிறுத்தி, தோள்ல சுமை ஏத்தாம படுக்க வெச்சிருக்கலாம். யாருக்காவது தெரியுமா?”

அப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி தரையைப் பார்த்தாள். சித்தப்பா என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியும். பங்குனி, ஆடி, ஐப்பசி என்று விரல்விட்டே சொல்லியிருப்பேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். சித்தப்பா என் கையை மெல்ல அழுத்தினார்.

தை பிறப்பதற்குள் அவர் போய்விட்டார். ஆனால் அன்று ஜட்காவில் திரும்பும்போது, ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன், இனிமேல் சித்தப்பாவின் இடத்தை யாராலும் பறிக்க முடியாது என்று, வழி நெடுக நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.