வடக்குப் பார்த்து அமர்ந்திருக்கிறார் அண்ணாச்சி

அன்று காலை, தாங்கலில் சமைக்கும் முத்துலட்சுமி செருப்பில்லாமல் என் வாசலில் வந்து நின்றாள். "அண்ணாச்சி எந்திரிக்கலம்மா. கையைத் தொட்டுப் பாத்துட்டேன்" என்றாள். நான் அவளோடு கிளம்பினேன். 

அரிமளம் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த வைகுண்டமணி அண்ணாச்சியை உங்களில் பலருக்குத் தெரியும். அவரிடம் ஒரு குடமாவது வாங்காத வீடு இங்கே குறைவு. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், கடவுளை அய்யா என்றே அழைக்கும் அய்யாவழிக்காரர். கடைக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகையில் ஒரு நிழல் தாங்கல் அமைத்திருந்தார். அவர்களுடைய வழிபாட்டிடத்துக்கு அதுதான் பெயர். உள்ளே சிலை கிடையாது. ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு விளக்கு, அவ்வளவுதான். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு அதன் முன் நிற்பார்கள். நெற்றியில் சுடர்போல மேலெழும் வெள்ளை நாமம். ஞாயிறுதோறும் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு. எந்த ஊர், என்ன ஆட்கள் என்று அங்கே யாரையும் கேட்டதில்லை.

நான் கான்வென்ட்டில் படித்தவள். விளங்காத எதையும் ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. "கண்ணாடியைக் கும்பிட்டால் உங்களையே நீங்கள் கும்பிட்ட மாதிரி ஆகாதா?" என்று முதல் நாளே கேட்டேன்.

"ஆவும்லா அக்கா. உள்ள இருக்கவரத்தான கும்பிடுதோம். அடுத்தவனுக்குள்ளயும் அவருதான் இருக்காருன்னு தெரிஞ்சிட்டா, பொறவு ஒருத்தன எப்படி வெளிய நிறுத்த?" என்றார்.  நான் பேச்சை மாற்றி, பந்தியில் இலைகள் கோணலாகக் கிடப்பதைச் சுட்டிக்காட்டினேன். "இல கோணலா கெடந்தாலும் சோறு நேரா வயித்துக்குத்தான போவும்" என்று சிரித்துவிட்டு, இலைக்கட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து இலை போடுவது என் வேலை ஆயிற்று.

புயலடித்த வருடம் என் தோப்பில் பாதி மரம் சாய்ந்தது. வீட்டின் ஓடுகள் தெருவில் கிடந்தன. அடுப்பு நனைந்து, பற்ற வைக்க வழியில்லை. தெருவே நிவாரண வண்டியின் பின்னால் நின்றபோது நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். தட்டேந்தி நிற்க என்னால் முடியாது. மூன்றாம் நாள் அண்ணாச்சி வந்து, "அங்க எல போட ஆளில்ல. வாரியளா?" என்று மட்டும் கேட்டார். போனேன். போட்டு முடித்ததும், வரிசையின் கடைசி இலையைக் காட்டி, "அது ஒங்களுக்கு. எல போட்டவிய உண்ணாம போவப்பிடாது, அது இங்குள்ள மொற" என்றார். அப்படி ஒரு முறை அதற்கு முன் இருந்ததாக எனக்கு நினைவில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கடைசிப் பத்து வருடம் அவருக்கு முழங்கால் மடங்காது. எல்லாரும் தரையில் உண்ண, அவர் மட்டும் ஸ்டூலில் இருப்பார். அதை வைத்துத்தான் தம் சாவைப் பற்றியும் பேசினார். "எங்காளுவள எரிக்க மாட்டோம் அக்கா. சம்மணம் போட்டு, வடக்க பாத்து, மண்ணுக்குள்ள இருத்தணும். தர்மயுகம் பொறக்கும்போ அய்யா கூப்புடுவாரு. படுத்துக் கெடந்தா இந்த முட்ட வச்சிட்டு நான் எழும்பிருவனா?" என் தோப்பில், புயலில் மரம் போன மூலையை அவருக்கென்று நான் சொன்னது அப்போதுதான்.

ஆனால் அவர் இறந்த அன்று காலை துபாயிலிருந்து அவருடைய மகன் சிவா போனில் அழுதான். மனைவியை முன்பே இழந்த அண்ணாச்சிக்கு அவன் ஒரே பிள்ளை. "ஐஸ் பெட்டியில வைங்க அத்தை. நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன். அப்பா மொகத்த ஒரு தடவ பாத்துக்கிறேன்."

பெட்டியில் படுக்க வைத்தால் உடம்பு நீட்டியபடியே விறைத்துவிடும். பிறகு உட்கார வைக்க முடியாது. அந்த வெயிலில் வெளியே வைத்துக்கொண்டு காத்திருக்கவும் முடியாது. பெற்ற பிள்ளையிடம் இதைச் சொல்ல வேறு யாரும் இல்லை. நான்தான் சொன்னேன். வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சாதவள், அவனிடம் கெஞ்சினேன்.

 "அப்பாவே சொன்னாரா அத்தை?" என்றான். "என்னிடம் சொன்னார் தம்பி."  "அப்படின்னா உக்கார வச்சிருங்க" என்றான்.

முத்துலட்சுமியும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக் கால்களை மடக்கினோம். பத்து வருடம் மடங்காத முழங்கால்கள் அன்று எங்கள் கைக்கு மடங்கிக் கொடுத்தன. முத்துலட்சுமி அப்போதுதான் அழுதாள்.

என் கொழுந்தன் தோப்பு வாசலில் வந்து நின்றார். "நம்ம மண்ணுல அடுத்த ஆளை வைக்கிறது நல்லாவா இருக்கு மதினி?" என்றார். "அடுத்த ஆள் யார் என்று காட்டுங்கள்" என்றேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குழியின் ஓரத்தைச் சரிசெய்யப் போனார்.

என் கணவர் போன அன்று என்னைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் வழக்கம் அது. அண்ணாச்சிக்கு நான் குழிவரை போனேன். தலைப்பாகை கட்டியிருந்த அவர் நெற்றியில், கீழிருந்து மேலாக, நாமம் இட்டது என் விரல். கோணலில்லாமல் இட்டேன்.

மறுநாள் மாலை சிவா விமான நிலையத்திலிருந்து நேரே தோப்புக்கு வந்தான். புது மண்ணைப் பார்த்தபடி நின்றவன், "எங்கிட்டு பாத்து இருக்காரு அத்தை?" என்று கேட்டான். வடக்கே கை காட்டினேன். மேட்டைச் சுற்றி வடபக்கம் போய், பேன்ட்டோடு அப்படியே தரையில் சம்மணமிட்டு, மண்ணுக்கு நேர் எதிரே உட்கார்ந்தான். நான் முத்துலட்சுமியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மூலையைத்தான். அதற்கு வடக்கே தென்னம்பிள்ளை எதுவும் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் அந்தப் பக்கம் போய் உட்காருங்கள்.