நாலு மணி நேர வேலை

நம்புகிறவர்கள் நம்பட்டும். நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். ஒரு நிமிடம் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்பதெல்லாம் சும்மா. இது ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில்.

அந்த வீட்டில் அவளைப் பெரியவள் என்றுதான் சொல்வார்கள். கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுதுகிறவள். வேலை போய் எட்டு மாதம். தம்பி வீட்டின் பின்னறையில் ஒண்டிக்கொண்டிருந்தாள். தம்பி மனைவிக்கும் அது எட்டாம் மாதம். குழந்தை வந்தால் அந்த அறை அதற்கு. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தொட்டில் மட்டும், பிரிக்காத பெட்டியோடு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

"உனக்கும் எட்டு மாசம், எனக்கும் எட்டு மாசம்," என்பாள் பெரியவள். "உனக்காவது தேதி குடுத்திருக்காங்க."

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரு நிறுவனம் வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு ஒன்றை அனுப்பியது. அரங்கில் இருக்கை பதிவு செய்யும் ப்ரோக்ராம். ஒரே நாற்காலியை ஒரே நொடியில் இருவர் கேட்டால், ஒருவருக்குத்தான் போக வேண்டும். அவர்கள் கொடுத்த இணையப் பக்கத்திலேயே எழுத வேண்டும். எழுதியது பன்னிரண்டு சோதனைகளில் தேற வேண்டும்; தேறியது திரையில் பச்சையாகும். ஞாயிறு மாலை ஐந்துவரை கெடு. 'நாலு மணி நேர வேலை' என்றது மின்னஞ்சல். எல்லா நிறுவனமும் அப்படித்தான் சொல்லும். முப்பது மணி நேரம் முதுகொடிய உட்கார்ந்துவிட்டு, 'எத்தனை மணி நேரம் ஆனது' என்ற கட்டத்தில் எல்லாரும் நாலு என்றே போடுவார்கள். கூடப் போட்டால் மந்தம் என்று ஒதுக்கிவிடுவார்களே.

ஞாயிறு காலை தம்பி மனைவி கேட்டாள்.

"ராத்திரி பூரா தட்டிட்டே இருந்தீங்களே அக்கா, தூங்கவே இல்லையா?"

பெரியவள் பத்து மணிக்கே படுத்துவிட்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சத்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பகல் 1.10. பதினொரு சோதனைகள் தேறிவிட்டன. பன்னிரண்டாவது, அந்த ஒரே நாற்காலி சமாசாரம், முரண்டு பிடித்தது. சாப்பிடப் போனாள்.

1.40. திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் எழுந்துபோன மாதிரி...

திரையில் அவளுடையது போக இன்னொரு கர்சர் மின்னியது. யாருடையது என்று பெயர் இல்லை. நிறுவனத்துக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது ஒரு வரியை எழுதியது. அழித்தது. மறுபடி எழுதியது. அதே வரி. மறுபடி அழித்தது...

3.25. டக்... டக் டக்... கீபோர்டு சத்தம்.

அவள் கைகள் மடியில் இருந்தன.

எழுந்து ஓடியிருக்கலாம். தொட்டில் பெட்டி கண்ணில் பட்டது. உட்கார்ந்தே இருந்தாள்.

4.51. பன்னிரண்டாவது சோதனை பச்சையாயிற்று. அவள் எதையும் தொடவில்லை.

4.58. மணிக்கணக்குக் கட்டம். 4 என்று போட்டாள். அழிந்தது. மறுபடி போட்டாள். அழிந்தது.

டக். டக். டக்...

19703.

ஐந்து மணி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

19704.

பக்கம் மூடிக்கொண்டது.

திங்கள் காலை 9.05. லேப்டாப்பைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் வெளியே வந்து, மாடிப்படியில் நின்று நிறுவனத்துக்கு போன் செய்தாள். பேசிய பெண் தேடிப் பார்த்துவிட்டு, அந்த வேலையே இப்போது கிடையாது என்றாள். விண்ணப்பித்தால் தேர்வு தானாகப் போய்விடுமாம்; நிறுத்த யாருக்கும் தோன்றவில்லையாம். வந்த விடைகளை யாரும் திறப்பதுமில்லை.

அந்த வேலை இருந்த காலத்தில் கடைசியாக எழுதியவர் யார் என்று பெரியவள் கேட்டாள். அந்தப் பெண் மறுபடி தேடிப் பார்த்தாள்.

"ஒருத்தர் முடிக்கவே இல்லைங்க. எழுதிட்டு இருக்கும்போதே நாற்காலியிலயே போயிட்டார். ரெண்டு வருஷம் மூணு மாசம் ஆச்சு. வீட்டுல மூணு நாள் யாரும் உள்ள போய்ப் பாக்கலையாம்."

"ஏன்?"

"கீபோர்டு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துதாம்."

பத்தொன்பதாயிரத்து எழுநூற்று நாலு மணி நேரம். மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். இரண்டு வருஷம், மூன்று மாதம்.

போனை இறக்கினாள். தோளில் லேப்டாப் கனத்தது. வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே தம்பி, தன் மனைவியிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்.

"டிவியக் கொறச்சு வை. அக்கா உள்ள வேலை பாத்துட்டிருக்கா."